நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தல்

டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனின் நொர்ரெப்ரோ பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. கூடத்தில் நான்கு நாற்காலிகள் வரிசையாக நின்றன. வெளிர் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இருக்கை, ஓக் மரக் கால்கள். விற்பவர் அவற்றை ஈரத்துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சம் படும்படி நிறுத்தி வைத்திருந்தார். நான் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவரிடம் அனுமதி கேட்டு, முதல் நாற்காலியைத் தூக்கி அவருடைய சாப்பாட்டு மேசையின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். அவர் சற்றுத் திகைத்துத்தான் போனார். உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். கவிழ்த்துப் பார்ப்பவர் யாரும் இதுவரை வரவில்லை போலும்.

அடியில் நான் கண்டது இதுதான். கால்களை இருக்கையோடு பிணைக்கும் திருகுகளில் ஒன்றைக் காணவில்லை. இன்னொன்று மற்றவற்றைவிடத் தடித்த தலையோடு இருந்தது. வீட்டுப் பெட்டியில் கிடைத்ததை எடுத்து யாரோ முடுக்கியிருக்கிறார்கள். மூன்று கால்களின் அடியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் குமிழ், நான்காவதில் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய கம்பளித் துண்டு. இருக்கையின் மேற்பக்கத்தை விற்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் துடைத்து வைக்கலாம். அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. நாற்காலிகளை வாங்கிக்கொண்டேன். ஆனால், திருகும் குமிழும் கொடுத்த துணிச்சலில், 1,600 குரோனர் (டேனிஷ் நாணயம்) என்றிருந்ததை 1,300 ஆக்கிக்கொண்டேன்.

சில ஆண்டுகளாக என் வீட்டுக்குள் வந்த பொருள்கள் ஏறத்தாழ எல்லாமே இவ்விதம் பிறர் வீட்டிலிருந்து வந்தவைதாம். அவற்றில் பெரும்பாலானவை இக்காலத்து டேனிஷ், சுவீடிஷ் நிறுவனங்களின் தயாரிப்புகள். ஸ்காண்டிநேவிய அறைகலன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1950ஐ ஒட்டிய ஆண்டுகளின் டேனிஷ் வடிவமைப்பாளர் பெயர்கள்: ஆர்னே யாகப்சனின் எறும்பு நாற்காலி (1952), ஹன்ஸ் வேக்னர் 1949-இல் வரைந்த ஒய் நாற்காலி. இவற்றின் பழைய பிரதிகள் ஏல நிறுவனங்கள் வழியாகக் கைமாறுகின்றன. அந்த ஏலத்தில் கை தூக்கும் வசதி எனக்கில்லை. நான் தேடுவது அவற்றின் பேரப்பிள்ளைகளை. நார்மன் கோப்பன்ஹேகன் என்ற நிறுவனம் 1999-இல் தொடங்கியது, ஹே 2002-இல், மூட்டோ 2006-இல், அண்ட் ட்ரெடிஷன் 2010-இல். மூட்டோ என்ற பெயர், மாற்றம் என்று பொருள்படும் பின்னிஷ் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. மாற்றம் வடிவத்தில் மட்டும் நிகழவில்லை, செய்யும் மூலப்பொருளிலும் நிகழ்ந்தது என்பதைப் பழையதாக வாங்குகிறவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேக்னரின் ஒய் நாற்காலி முழு மரம். இருக்கை ஏறத்தாழ 120 மீட்டர் நீளக் காகிதக் கயிற்றால் பின்னப்பட்டது. முப்பது ஆண்டு கழித்துக் கயிறு தொய்ந்தால் கயிற்றை அறுத்துவிட்டு வேறு பின்னிக்கொள்ளலாம். மரச் சட்டம் அப்படியே இருக்கும். 2000க்குப் பிறகு வந்தவற்றில் வார்ப்புப் பிளாஸ்டிக், அச்சில் அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை, பவுடர் கோட்டிங் செய்த இரும்பு, மெத்தைக்குள் வைக்கும் பாலியூரித்தேன் நுரை ஆகியவைதாம் அதிகம். மரம் நரைத்தால் அதற்கொரு களை வருகிறது. பிளாஸ்டிக்குக்கு நரை கிடையாது, கீறல்தான். நுரையோ வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளுக்குள் இற்றுப்போகிறது. ஆகவே, இந்தத் தலைமுறைப் பொருளை வாங்கும்போது யார் வடிவமைத்தது என்ற கேள்வியைவிட, எது எதோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது, எதைக் கழற்ற முடியும் என்ற கேள்விக்கே நான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

இவ்வளவு பொருள் பழைய சந்தைக்கு எங்கிருந்து வருகிறது என்று தொடக்கத்தில் நான் வியந்ததுண்டு. வீடு மாறுகிறவர்கள் ஒரு காரணம். மாதக் கடைசி வாரத்தில் விளம்பரங்கள் குவிவதைப் பார்த்தாலே தெரியும். அதைவிடப் பெரிய ஊற்று அலுவலகங்கள். ஹேயும் மூட்டோவும் வீடுகளுக்கு விற்பதோடு, உணவகம், நூலகம், அலுவலகம் ஆகியவற்றுக்கும் மொத்தமாக விற்பவை. அமெரிக்க அலுவலக அறைகலன் நிறுவனமான நோல், 2017-ஆம் ஆண்டின் இறுதியில் மூட்டோவை வாங்க ஒப்பந்தம் செய்ததும், அதன் போட்டியாளரான ஹெர்மன் மில்லர் 2018-இல் ஹேயின் ஒரு பகுதியையும் அடுத்த ஆண்டு பெரும்பங்கையும் வாங்கியதும் இந்தக் கணக்கில்தான். பிறகு 2021-இல் அந்த இரண்டு அமெரிக்க நிறுவனங்களே ஒன்றாக இணைந்துவிட்டதால், கோப்பன்ஹேகன் கடைவீதியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு டேனிஷ் பெயர்களும் இன்று ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்குகின்றன. அலுவலகம் ஒன்று இடம் மாறினாலோ கடையைச் சாத்தினாலோ, ஒரே மாதிரி நாற்காலிகள் நாற்பது ஐம்பது என்று பழைய அலுவலகப் பொருள் வியாபாரிகளின் கிடங்குக்கு வந்து சேரும். எட்டு நாற்காலி ஒரே நிறத்தில் வேண்டும் என்பவர் தனியார் விளம்பரங்களில் அலைவதைவிட அங்கே போவது நல்லது. அலுவலக நாற்காலி நிறைய உழைத்திருக்கும்தான். ஆனால் வீட்டு நாற்காலியின் மேல் குழந்தைகள் ஏறி நின்று அலமாரியை எட்டியிருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கில் விற்பனை வரி 25 விழுக்காடு. கடையில் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குப் போகிறது. தனியார் ஒருவர் தம் பழைய சோபாவை இன்னொருவருக்கு விற்கும்போது அந்த வரி இல்லை. எனவே, ஒரு முறைகூட உட்காராத நாற்காலியாக இருந்தாலும், கடை விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும் என்பது என் கணக்கு. விற்பவர்கள் இதை ஏற்றுக்கொள்வதில்லை. அவர்கள் விளம்பரத்தில் முதலில் எழுதுவது ‘நூப்ரீஸ்’, அதாவது புதிதாக இருந்தபோது என்ன விலை என்பது. அதையும் பெரும்பாலும் இன்றைய கடை விலையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், தாம் அன்று கொடுத்த விலையை அல்ல.

விளம்பர மொழியைப் படிக்கப் பழக வேண்டும். டென் ப்ளோ ஆவிஸ், அதாவது ‘நீலப் பத்திரிகை’, 1981-இல் வரி விளம்பர அச்சு இதழாகத் தொடங்கி இன்று இணையத்தில் இயங்குகிறது. சுவீடனில் பிளாக்கெட், நார்வேயில் ஃபின் என்பவை அதற்கு இணை. இந்தத் தளங்களில் புழங்கும் டேனிஷ் சொற்கள் சிலவற்றுக்கு அகராதிப் பொருள் ஒன்று, நடைமுறைப் பொருள் வேறொன்று. ‘புருக்ஸ்போர்’ என்றால் பயன்படுத்திய தடம். சிறிய தடம் என்று எழுதியிருந்தால் கீறல் இருக்கிறது. அடைமொழி இல்லாமல் தடம் என்று மட்டும் எழுதியிருந்தால் கறை இருக்கிறது. ‘பட்டினா’, அதாவது காலம் தந்த மெருகு, என்று அழகாக எழுதியிருந்தால் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு குரோனர்கூடக் கொடுக்கக் கூடாது. வீட்டில் புகைப்பவர் இல்லை, வளர்ப்புப் பிராணி இல்லை என்ற குறிப்புகளைப் பெரும்பாலும் நம்பலாம். அவை எழுதப்படாத இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும். ‘ஹே பாணி’, ‘மூட்டோ பாணி’ என்று எழுதியிருந்தால் அது அந்த நிறுவனத்தின் பொருள் இல்லை என்று விற்பவரே நேர்மையாகச் சொல்கிறார் என்று பொருள். தேடும்போது அந்தப் பெயரைக் கண்டு மகிழ்ந்து போகிறவர்தான் ஏமாறுகிறார்.

பேரம் பேசுவதற்கும் இங்கே ஒரு நாகரிகம் உண்டு. விலையைச் செய்தி வழியாகவே பேசி முடித்துவிட்டு, நேரில் போன பிறகு வாசலில் நின்று மறுபடியும் குறைக்கச் சொல்வதை இவர்கள் அருவருப்பாகக் கருதுகிறார்கள். விளம்பரத்தில் சொல்லாத குறை ஒன்று நேரில் தென்பட்டால் மட்டும் அதைச் சுட்டிக் காட்டிக் குறைக்கலாம். அப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. கவிழ்த்துப் பார்ப்பது எனக்கு லாபமாக அமைவதும் இதனால்தான். பணத்தைக் கைபேசி வழியாக அந்த இடத்திலேயே அனுப்பிவிடுவேன். முன்பணம் அனுப்பினால் ஒதுக்கி வைக்கிறேன் என்பவரிடம், எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும், நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

இனி நாற்காலிகள். பழைய சந்தையில் மிக அதிகமாகக் கிடைப்பது, ஹீ வெல்லிங் என்ற டேனிஷ் வடிவமைப்பாளர் ஹேக்காக வடிவமைத்து 2010-இல் வெளிவந்த ‘அபவுட் எ சேர்’ வரிசை. கிண்ணம் போன்ற இருக்கை, அதற்குக் கீழே மரக் கால், இரும்புக் கால், சக்கரக் கால் என்று பலவகை. இருக்கை ஒரே வார்ப்பு என்பதால் அதில் விரிசல் விழுந்தால் ஒட்ட முடியாது. அது செய்யப்பட்ட பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் எந்தப் பசையையும் எளிதில் ஏற்காது. ஆகையால், முதுகு வளையும் இடத்திலும் திருகு நுழையும் மேடுகளைச் சுற்றியும் கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கால் ஆடுவது பெரிய குறையன்று. பெரும்பாலும், திருகு முடுக்கும் அறுகோண ஆலன் சாவி ஒன்றும் இரண்டு நிமிடமும் போதும். இருக்கையில் நீலக் கறை படிந்திருந்தால் அது ஜீன்ஸ் துணியின் சாயம். அதை எடுக்கிறேன் என்று வெள்ளை மெலமின் பஞ்சால் தேய்ப்பவர்கள் உண்டு. அந்தப் பஞ்சு மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது, கறையோடு சேர்த்து மேற்பரப்பின் மென்மையையும் எடுத்துவிடும். சன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். அப்படி மின்னும் நாற்காலியை நான் வாங்குவதில்லை. அழுக்கோடு இருப்பதை வாங்கிச் சோப்புநீரால் பொறுமையாகக் கழுவிக்கொள்வதே மேல்.

மூட்டோவின் ஃபைபர் நாற்காலி (2014) வேறு மாதிரி. இஸ்கோஸ்-பெர்லின் என்ற கோப்பன்ஹேகன் வடிவமைப்பகம் பிளாஸ்டிக்கோடு 25 விழுக்காடு வரை மர இழையைக் கலந்து செய்தது. அருகில் பார்த்தால் மேற்பரப்பில் தூவினாற்போல் மெல்லிய நார்கள் தெரியும். அந்தப் புள்ளிப் பரப்பில் சிறு கீறல்கள் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை. பழையதாக வாங்குபவருக்கு இது ஒரு வசதி. பிற்காலத்தில் இதே நாற்காலியை மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்பதால், பழையதும் புதியதும் கலந்து வாங்கினால் நிறம் ஒரே பெயரில் இருந்தாலும் தோற்றம் வேறுபடலாம்.

ஓக் மரத்தைப் பற்றி எழுதும்போது என் சொந்தப் பிழையையும் எழுதியாக வேண்டும். டென்மார்க்கில் ஓக்கை மூன்று விதமாகப் பதப்படுத்துகிறார்கள்: வார்னிஷ், எண்ணெய், சோப்பு. சோப்பா என்று நானும் முதலில் சிரித்தேன். தூய சோப்புச் சீவலைச் சுடுநீரில் கரைத்து, நுரை பொங்க மரத்தில் தேய்த்து, எஞ்சியதைத் துடைத்துவிட்டு உலர விடுவார்கள். எண்ணெய் பூசினால் மரம் பழுப்பேறும், சோப்பிட்டால் வெளிறிய நிறம் அப்படியே நிலைக்கும். ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஒரு வீட்டிலிருந்து சோப்பிட்ட ஓக் மேசை ஒன்றை வாங்கி வந்தேன். மேற்பரப்பில் கோப்பை வைத்த வட்டங்கள் ஏழெட்டு. அவற்றை எடுப்பதற்காக, பாத்திரம் துலக்கும் இரும்பு நார் கையில் அகப்பட, ஈரத்தோடு நன்றாகத் தேய்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மேசை முழுவதும் மை தெளித்தது போலக் கருநீலப் புள்ளிகள்.

ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து மிகுதி. அது ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் வைத்துக் கறுப்புச் சாயம் காய்ச்சிய மரபில் வந்தவன், சொந்த மேசையில் அதே சாயத்தைக் காய்ச்சிவிட்டு, கறுப்பு எங்கிருந்து வந்தது என்று விழித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஆக்சாலிக் அமிலம் வாங்கி, கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளிகளை வெளுக்க வைத்து, உப்புத்தாளால் முழுப் பலகையையும் இழைத்து, இரண்டு முறை சோப்பிட்ட பிறகே மேசை பழைய நிறத்துக்கு வந்தது. இரண்டு நாள் வேலை. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மேசை முழு மரமாக இருந்ததால்தான் இழைக்க முடிந்தது என்பதே. இக்கால மேசைகளில் பெரும்பாலானவை மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகைகள். அந்தத் தகட்டை இரண்டு முறை இழைத்தால் அடியிலுள்ள பலகை எட்டிப் பார்க்கும். முழு மரமா, தகடா என்பதை அறிய விளிம்பைப் பார்த்தால் போதும். மேற்பரப்பில் ஓடும் ரேகைகள் விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கி, பலகையின் முனையில் வளையங்களாகத் தெரிந்தால் முழு மரம். விளிம்பில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் தகடு.

அலமாரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் ஜே. லாசன் 1982-இல் நிறுவிய மொன்டானா நிறுவனத்தின் பெட்டி அலமாரிகளும், நிஸ்ஸே ஸ்ட்ரின்னிங், காய்சா ஸ்ட்ரின்னிங் தம்பதியின் 1949-ஆம் ஆண்டு வடிவமைப்பில் இன்றும் சுவீடிஷ் நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ஸ்ட்ரிங் அலமாரியும் துண்டு துண்டாகக் கிடைப்பவை. இவை சேர்த்துச் சேர்த்து வளர்க்கத்தக்கவை என்பதால், இன்று இரண்டு பெட்டி வாங்கிவிட்டு நாளை நான்கு சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மொன்டானா 2019-இல் மார்கிரெதெ ஓட்கோர் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு புதிய நிறத் தொகுப்பை வெளியிட்டது. அதற்கு முந்தைய பெட்டி ஒன்றுக்கு நிற இணை தேடுவது, பழைய சேலைக்கு இரவிக்கைத் துணி தேடுவது போன்றது. ஸ்ட்ரிங்கிலோ 2005-இல் வந்த சிறிய ‘பாக்கெட்’ அலமாரியின் பலகை 15 சென்டிமீட்டர் ஆழம். பெரிய வரிசையின் பலகைகள் 20, 30 சென்டிமீட்டர். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அளவுநாடா இல்லாமல் இதை வாங்கப் போவது வீண் அலைச்சல்.

மிச்சமிருப்பது சோபா. நான் அதிகம் இழந்ததும் அதிகம் கற்றதும் அதில்தான்.

அமா தீவில் ஒரு வீட்டில், ஐந்தாண்டுப் பழையது என்று சொல்லப்பட்ட மூவர் அமரும் சோபா. பெயர் சொல்ல வேண்டாம். நல்ல டேனிஷ் நிறுவனம்தான். துணி ஹாலிங்டால்: டேனிஷ் வடிவமைப்பாளர் நானா டிட்சல் 1965-இல் வடிவமைத்து, குவாட்ராட் நிறுவனம் இன்றும் நெய்விக்கும் கம்பளித் துணி, 70 விழுக்காடு கம்பளி, 30 விழுக்காடு விஸ்கோஸ் என்ற செயற்கை இழை. நூலைச் சாயமேற்றிய பின் நெய்வதால், சாம்பல் என்று தோன்றும் துணிக்குள் நான்கைந்து சாயல்கள் கலந்திருக்கும். அந்தத் துணி அன்று வாங்கியது போலவே இருந்தது. கை வைத்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், சிறு பந்துகளாகச் சுருண்ட நூல் எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். விற்பவர் காப்பி கொடுத்தார். 5,000 குரோனர் அனுப்பிவிட்டேன்.

நான் செய்த தவறு, துணியைப் பார்த்து வயதைக் கணித்தது. துணியின் உழைப்பை அளக்க மார்ட்டின்டேல் என்றொரு சோதனை உண்டு. துணியை இயந்திரத்தில் வைத்துக் கம்பளியால் தேய்த்துக்கொண்டே போய், எத்தனை சுற்றில் நூல் அறுகிறது என்று எண்ணுவார்கள். வீட்டுச் சோபாவுக்கு 15,000 முதல் 25,000 சுற்று தாங்கும் துணி போதும் என்பது பொதுவான வழக்கு. ஹாலிங்டால் 1,00,000 சுற்று தாங்கும். அதாவது, துணியில் தேய்மானமே தெரியாத நிலையில் அதற்குள் இருக்கும் நுரை தன் ஆயுளை முடித்துக்கொண்டுவிடும். மலிவான சோபாவில் துணி முதலில் கிழிந்து எச்சரிக்கும். விலையுயர்ந்த சோபாவில் அந்த எச்சரிக்கை வருவதே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு படலம். வாடகை இழுவைவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நண்பர் ஒருவர் வந்தார். சோபாவின் நீளம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்திருந்தேன். என் வீட்டு வாசலையும் அளந்திருந்தேன். மாடிப்படி திரும்பும் மூலையை அளக்கவில்லை. கோப்பன்ஹேகனின் பழைய குடியிருப்புகளில் முன்படி ஒன்று, சமையலறைக்குப் போகும் குறுகிய பின்படி ஒன்று என இரண்டு உண்டு. முன்படியின் இரண்டாம் திருப்பத்தில் சோபா சுவருக்கும் கைப்பிடிக்கும் இடையே சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அரைமணி நேரம் நின்றது. மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர் சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, “காலைக் கழற்றுங்களேன்” என்றார். கவிழ்த்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்: நான்கு கால்களும் கையால் திருகிக் கழற்றக்கூடியவை. பதினைந்து சென்டிமீட்டர் குறைந்ததும் சோபா சுலபமாகத் திரும்பியது.

ஒரு வாரத்தில் உண்மை தெரிந்தது. நடு இருக்கையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பள்ளம் பள்ளமாகவே நின்றது. உறையின் பின்பக்கச் சிப்பை (ஜிப்) திறந்தேன். நுரை மஞ்சளாகியிருந்தது. மஞ்சளாவது மட்டுமே குற்றமன்று. காற்றும் வெளிச்சமும் பட்டாலே பாலியூரித்தேன் மஞ்சளாகும். ஆனால் விரலால் அழுத்தினால் மீண்டு வரவில்லை, ஓரத்தைக் கிள்ளினால் ரொட்டித் துகள் போல உதிர்ந்தது. அதற்குப் பெயர்தான் செத்த நுரை. உறையின் உள்மடிப்பில் தைத்திருந்த சீட்டில் தயாரிப்பு ஆண்டு அச்சாகியிருந்தது. ஐந்தாண்டு என்று கேட்டது பதினொன்றாக இருந்தது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அதை வேறு யாரிடமிருந்தோ வாங்கி ஐந்தாண்டு வைத்திருந்திருக்கலாம்.

இப்போது சோபா பார்க்கப் போனால் காப்பியை மறுத்துவிடுகிறேன். முதலில் சிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். உறையைக் கழற்ற முடியாத சோபா என்றால் விலை பாதியாக இருந்தால்தான் அதைப் பற்றி யோசிப்பேன். சிப்பைத் திறந்து சீட்டைப் படிக்கிறேன், நுரையின் ஓரத்தைக் கிள்ளுகிறேன். ஒரு முன்காலைச் சாண் உயரம் தூக்கிப் பார்க்கிறேன். மறுபக்கத்து முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் உறுதி, அது தரையிலேயே நின்றுகொண்டிருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. பிறகு அடியில் கட்டியிருக்கும் கறுப்புத் துணியின் ஓரங்களையும் தையல் மடிப்புகளையும் கைவிளக்கால் பார்க்கிறேன். மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அப்படியொரு வீட்டிலிருந்து, நாகரிகத்தைப் பார்க்காமல், எழுந்து வந்திருக்கிறேன். கடைசியாகத்தான் உட்காருவது, பத்து நிமிடமாவது, மூன்று இடத்திலும்.

செத்த நுரையோடு அந்தச் சோபாவைக் குப்பை நிலையத்துக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், கழற்ற முடிகிறதா என்ற கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொன்னது: உறை கழன்றது, கால் கழன்றது, சட்டம் முறுக்கவில்லை. மெத்தை தைக்கும் கைவினைஞர் ஒருவரிடம் மூன்று இருக்கைத் திண்டுகளையும் எடுத்துப் போனேன். அவர் பழைய நுரையை உருவி மேசையில் போட்டார். நடுத்திண்டின் நுரை ஒரு பக்கம் மெலிந்து, தேய்ந்த சோப்புக்கட்டி போல இருந்தது. புதிய நுரையை எவ்வளவு அடர்த்தியில் வெட்டுவது என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், நடுத்திண்டுக்கு மட்டும் சற்றுக் கெட்டியான நுரையை எடுத்தார். எல்லாரும் நடுவில்தான் உட்காருகிறார்கள் என்றார். கூலியோடு 3,600 குரோனர் ஆயிற்று. சோபாவின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே சோபாவின் கடை விலையில் பாதியைத் தொடவில்லை. பழைய ஹாலிங்டால் உறையைக் கம்பளிக்கு உகந்த முறையில் துவைத்துக் காயவைத்து மாட்டினோம். புதிய நுரை சற்று உப்பலாக இருந்ததால், நடுத்திண்டின் சிப்பை மூடுவதற்கு மட்டும் இருவர் தேவைப்பட்டார்கள்.